புல் முளைக்காத வட்டம்

ஈஸ்ட் ஹாம்
9 பெப்ரவரி 2025

றஜீனாவுக்கு,

உமக்கு ஹொஸ்பிற்றலில் இருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மார்புப் பரிசோதனைக்குத் திகதி போட்டிருக்கிறார்கள். அதை இதனுடன் வைத்து அனுப்புகிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன். நீர் குடியிருக்கிற கரவன் வண்டி நிற்கிற பள்ளத்தில் ஃபோன் வேலை செய்யாது என்று அஜித்தா சொன்னாள். வேலை செய்தாலும் நீர் எடுக்கமாட்டீர். நத்தார்ப் பண்டிகை கழிந்து ஆறு கிழமை. நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கலண்டர் அடுப்படியில் தொங்குகிறது, கண்ணில் படுகிறது.

இங்கே எல்லாம் வழமைபோல. இந்தக் கிழமை எனக்கு விடியற்காலை ஷிப்ட். நாலரைக்குப் பஸ்ஸை வெளியே எடுக்க வேண்டும். பூசைக்குப் போனால் "றஜீனா எப்ப வாறா?" என்று கேட்கிறார்கள். "சீசன் முடிய வருவா" என்று சொல்கிறேன். மூன்று குளிர்காலமாக அதையே சொல்கிறேன். ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லித்தான் நீர் போனீர். எங்கள் மகள் மான்செஸ்டரில் வேலை என்று போனாள், அது நியாயம். ஐம்பத்துமூன்று வயதில் என் மனுசி ஹாம்ப்ஷயரில் ஒரு மேட்டில் போய் இருக்கிறா என்பதை நான் எப்படி விளங்கப்படுத்துவது?

இடியப்ப உரல் எங்கே இருக்கிறது? எல்லாத் தட்டிலும் தேடிவிட்டேன். ஹை ஸ்ட்ரீட்டில் நாலு கடையில் வாங்கலாம். ஆனால் கடை இடியப்பம் கடை இடியப்பம்தான்.

நாயகம்

—

ஹாம்ப்ஷயர்
21 பெப்ரவரி 2025

அஜித்தாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பரிசோதனையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். உரல் மாடிப்படிக்குக் கீழே நீல வாளிக்குள், பழைய துவாயால் சுற்றி இருக்கிறது.

நத்தார் கழிந்த சனிக்கிழமை நடந்ததைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். அஜித்தாவின் நிச்சயதார்த்தம். மேசையைச் சுற்றிப் பதினாறு பேர். மாப்பிள்ளையின் தாய் பியற்றிஸ் அக்கா என்னைப் பார்த்து, "நீங்கள் அங்கை என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் சொன்னீர்கள்: "மண்ணைக் கிளறுறா. பண்டி செய்யிற வேலை." எல்லோரும் சிரித்தார்கள். அஜித்தாவும் சிரித்தாள். அதற்குப் பிறகும் நான் எல்லோருக்கும் பாயாசம் ஊற்றினேன். உங்களுக்கும் ஊற்றினேன். மறுநாள் முதல் ரயிலில் வந்துவிட்டேன்.

அந்த மேசையில் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். கறுப்பு ட்ரஃபிள் என்பது ஹேசல், ஓக் மரங்களின் வேரோடு சேர்ந்து மண்ணுக்கடியில் விளைகிற காளான். வெளியே ஒன்றும் தெரியாது. பன்றியும் மணந்து பிடிக்கும், நாயும் பிடிக்கும். எங்களிடம் நாய் இருக்கிறது. எது முற்றியது, எதை இன்னும் பத்து நாள் விடவேண்டும் என்று முகர்ந்து சொல்வதுதான் என் வேலை. அதை நான் படித்தது மேஃபெயர் உணவகத்தின் குசினியில். நீங்களும் அறிவீர்கள், பதினாறு வருடம் அங்கே நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இருந்து பெட்டி வரும். நான் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்ப்பேன். பெரிய செஃப் ஒவ்வொன்றாக என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். நான் வேண்டாம் என்றால் அது திரும்பிப் போகும். என்னிடம் என்ன நினைக்கிறாய் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். உணவகம் மூடிய பிறகு நான் வெயர்ஹவுசில் பெட்டி ஒட்டிய இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஹிலரி கேட்டா.

ஹிலரியும் செத்துப்போன அவவின் புருஷனும் இந்த மேட்டில் தொள்ளாயிரம் கன்று வைத்து ஒன்பது வருடம். இதுவரை ஒரு காய் விளையவில்லை. இந்த சீசனும் ஒன்றும் இல்லாமல் முடிகிறது. அடுத்த முறை விருந்துக்கு ஆட்கள் வந்தால் இதையும் சொல்லிச் சிரிக்கலாம்.

றஜீனா

—

ஈஸ்ட் ஹாம்
30 மார்ச் 2025

றஜீனாவுக்கு,

உரல் அகப்பட்டது. மா குழைக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தவநாயகி அக்கா வந்து, "என்ன அண்ணை, சீமெந்து குழைக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனா.

இன்றைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். கீழே உள்ளதைத் தள்ளினேன். மேலே கட்டிலடியில் உம்முடைய பக்கம் இருப்பதைத் தொடவில்லை.

ஒரு தரம் நீர் வேலையால் வரும்போது அந்தக் காளானில் ஒரு சீவலை டிஷூவில் சுற்றிக் கொண்டுவந்தீர். ஞாபகம் இருக்கிறதா? நான் காஸ் ஒழுகுகிறது என்று யன்னலெல்லாம் திறந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். நீர் வாசலில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். அந்த மணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. பியற்றிஸ் அக்கா கேட்டவுடன் உம்முடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் எதிரே இருந்து பார்த்தேன். என்னோடு கதைக்கும்போது அது வந்து கனகாலம். விளக்கை நூர்ப்பதுபோல அதை நூர்க்கவேண்டும் என்று இருந்தது, நூர்த்துவிட்டேன். நான் நினைத்துக்கொண்டு செய்தேன் என்பதுதான் உண்மை. பகிடிக்குச் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

நாயகம்

—

ஹாம்ப்ஷயர்
13 யூலை 2025

அன்புள்ள அஜித்தாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று மாதம் எடுத்துவிட்டது. பலமுறை எழுதத் தொடங்கினேன். நீங்கள் அப்படி உண்மையைச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

இங்கே மழை இல்லை. ஏப்ரலில் இல்லை, மேயில் இல்லை. இப்போது முப்பத்திரண்டு பாகை. மேட்டின் சுண்ணாம்பு மண் வெடித்து, வெடிப்புக்குள் என் கை போகிறது.

ஒன்று சொல்லவேண்டும். வேரில் காளான் பிடித்துவிட்டால் மரத்தைச் சுற்றிப் புல் செத்துவிடும். நெருப்பு வைத்ததுபோல வட்டமாக வெறும் மண் தெரியும். அதைப் பார்த்துத்தான் கீழே வேலை நடக்கிறது என்று அறிவோம். போன வருடம் எழுபது மரத்துக்கு வட்டம் இருந்தது. இந்த வருடம் மேடு முழுக்கவே புல் செத்துப்போய்க் கிடக்கிறது. எது வட்டம், எது வரட்சி என்று தெரியவில்லை. விடிய எழும்பி ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்க்கிறேன்.

ஹிலரி சொல்லுறா, முப்பது வருடத்துக்கு முதல் இங்கிலாந்தின் குளிருக்கு இது சரிவராது என்று எல்லோரும் சொன்னார்களாம். பிறகு ஸ்பெயினிலும் பிரான்சிலும் மலைகள் காயத் தொடங்க, இனி இது உங்கள் பக்கம் ஏறி வரும் என்று சொன்னார்களாம். அதை நம்பித்தான் அவர்கள் வைத்தது. "இப்ப வெயில் எங்களையும் தாண்டிப் போகுது போல" என்று நேற்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. அவவுக்கு எழுபத்துநாலு வயது. முழங்கால் ஏலாது.

ஓகஸ்ட்டில் வேருக்குத் தண்ணீர் கிடைத்தால்தான் குளிருக்குக் காய் இருக்கும். ட்ராக்டரில் தொட்டியைக் கட்டி, மரத்துக்கு ஒரு வாளி என்று ஊற்றுகிறோம். கிணறும் இறங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு கை காணாது.

ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வர ஏலுமோ? மூன்று வருடத்தில் நீங்கள் ஒருமுறையும் இந்தப் பக்கம் வரவில்லை. மாலையில் இந்த மேட்டில் நின்று பார்த்தால் வடிவாக இருக்கும். தண்ணீருக்காக மட்டும் கேட்கவில்லை.

றஜீனா

—

ஈஸ்ட் ஹாம்
27 யூலை 2025

அன்பின் றஜீனாவுக்கு,

லீவு இல்லை. கோடை விடுமுறைக்கு ஆட்கள் முதலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுப்பவைசரிடம் கேட்டேன், தலையை ஆட்டிவிட்டான்.

பஸ்ஸுக்குள் அவ்வளவு சூடு. போன செவ்வாய் அப்டன் பார்க்கில் ஒரு கிழவி மயங்கி விழுந்துவிட்டா. பஸ்ஸை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, அம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டு இருந்தோம். கிறீன் ஸ்ட்ரீட் முழுக்க பின்னால் ஹோர்ண் அடிக்கிறார்கள். இப்படி இருக்கும்போது நான் எப்படி வருவது?

நீர் கேட்டதற்குச் சந்தோசம். தண்ணீரை விடியற்காலை ஊற்றும், வெயிலில் நிற்காதேயும். தொப்பி போடும்.

நாயகம்

—

ஹாம்ப்ஷயர்
14 செப்டெம்பர் 2025

அஜித்தாவின் அப்பாவுக்கு,

நாற்பத்தொரு மரம் செத்துவிட்டது. மற்றவை நிற்கின்றன. ஓகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. அது போதுமா என்று தை மாதத்தில்தான் தெரியும்.

ஹிலரி என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறா. அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. மேட்டின் கீழ்ப்பாதியைப் பத்து வருடக் குத்தகைக்கு என் பெயரில் எழுதித் தருகிறாவாம். கரவனுக்குப் பதிலாகக் கிணற்றடி வீட்டில் இருக்கலாமாம். பெப்ரவரி முடிய முதல் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நிலத்தை விற்கப் போகிறா. வாங்குகிறவர்கள் மரத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

எனக்கு இப்போது ஐம்பத்துநாலு. பத்து வருடம் கழிய அறுபத்துநாலு.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். வீட்டுக்கு வா என்றால் வா என்று எழுதுங்கள். அங்கேயே இரு என்றால் அதை எழுதுங்கள். ஏதாவது ஒன்றை எழுதுங்கள். லீவு இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

றஜீனா

—

ஈஸ்ட் ஹாம்
9 நவம்பர் 2025

அன்பின் றஜீனாவுக்கு,

உமது விருப்பம்.

இதை எழுத எட்டுக் கிழமை எடுத்தது. வேறு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

மீன்கடைக்காரன் நான் கேட்காமலேயே இரண்டு பாரையைப் பையில் போடுகிறான். நானும் தடுப்பதில்லை. இரண்டையும் சமைக்கிறேன். ஒன்றை அடுத்த நாள் சாப்பிடுகிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கவனம்.

நாயகம்

—

ஈஸ்ட் ஹாம், எங்கள் வீட்டு அடுப்படி மேசை
27 ஜனவரி 2026

இஞ்சாருங்கோ,

எங்கள் வீட்டிலிருந்து என்னுடைய கரவனுக்கு எழுதுகிறேன். இது தபாலில் போய்ச் சேருவதற்கு முதல் நானே வந்துவிடக்கூடும். ஆனால் எழுதாவிட்டால் நேரில் சொல்லமாட்டேன். உங்களைக் கண்டவுடன் சண்டை பிடிப்பேன்.

வியாழக்கிழமை காலை எங்கள் நாய் மிளகு ஒரு ஹேசல் மரத்தடியில் நின்றுவிட்டது. சும்மா கிளறாமல், ஒரு காலைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் கரண்டியால் நாலு விரல் ஆழம் எடுத்தேன். மணம் முதலில் வந்தது. கோழிமுட்டை அளவு, கறுப்பு, தோலெல்லாம் பரு. வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, முற்றியிருந்தது. நான் சேற்றிலேயே குந்தியிருந்து அழுதேன். ஹிலரி தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "முதலாவது உனக்கு" என்றா. அவவும் அழுதா.

இதன் மணம் ஒரு கிழமைதான் நிற்கும். நான் அதை முட்டையும் அரிசியும் போட்ட போத்தலுக்குள் வைத்து மூடி, திங்கட்கிழமை காலை ரயில் ஏறினேன். உங்களிடம் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா? கண்டுவிட்டேன், எனக்கு இது போதும், ஹிலரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல.

கதவைத் திறந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. தவநாயகி அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"ஐயோ றஜீனா, அண்ணை விடியவே வெளிக்கிட்டிட்டார். உம்மட்டைத்தான் போறன் எண்டார்."

"என்னட்டையோ? ஷிப்ட் இல்லையோ அவருக்கு?"

அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தா. "என்ன ஷிப்ட்? அவர் பஸ் ஓடுறதை விட்டு எட்டு மாதமெல்லோ. உமக்குச் சொல்லேல்லையே?"

பிறகு நான் வீட்டைப் பார்த்தேன். உருப்பெருக்கும் கண்ணாடி பேப்பருக்கு மேலே கிடக்கிறது. அடுப்புக் குமிழ்களில் வெள்ளை நிறத்தில் பெரிய புள்ளி வைத்திருக்கிறீர்கள். மேசை லாச்சிக்குள் லைசன்ஸைத் திருப்பிக் கேட்ட கடிதம், திகதி மே மாதம். கண் கிளினிக் அட்டையில் மாதத்துக்கு ஒரு ஊசி, ஒன்பது ஊசி. ஒவ்வொன்றுக்கும் தனியே போய் வந்திருக்கிறீர்கள். "நீரிழிவு கண்ணைப் பிடிக்கும், சீனியைக் குறையுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தவள் நான்தான். ஊசி போட்டுவிட்டு வெளியே வரும்போது கையைப் பிடிக்க நான் இல்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். நேற்று ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொரு கடிதத்திலும் பெருத்துக்கொண்டே வருகிறது. நவம்பரில் ஒரு வரிக்கு மூன்று சொல். கோபத்தில் அப்படி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன்.

உங்களுக்கு ஃபோன் அடித்தால் அந்தப் பள்ளத்தில் எடுக்காது. புயலில் ஹிலரியின் வீட்டு லைனும் அறுந்துவிட்டது. வழியில் தண்டவாளத்துக்கு மேலால் வெள்ளம், இன்றைக்கு ரயில் இல்லை. நேற்று எங்கள் இரண்டு பேரின் ரயிலும் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

கரவனில் ஹீட்டரின் குமிழை இடது பக்கம் திருப்பி, அமத்திப் பிடிக்க வேண்டும். போர்வை கட்டிலுக்கடியில். நாய்க்குச் சோறு வைக்க வேண்டாம், வாங்கித் தின்னும், பிறகு சத்தி எடுக்கும்.

றஜீனா

—

ஹாம்ப்ஷயர், உம்முடைய கரவன்
27 ஜனவரி 2026

றஜீ,

நான் வந்து இறங்க, நீர் லண்டனுக்குப் போய்விட்டீர் என்று ஹிலரி சொன்னா. ஸ்டேசனிலிருந்து டக்சிக்காரன் பாதி வழியில் விட்டுவிட்டான், ரோட்டில் தண்ணீர். இடுப்புவரை நனைந்து கேற்றடியில் நின்ற என்னைப் பார்த்து அந்த மனுசி, "நீங்கள் நாயகமாகத்தான் இருக்கவேண்டும்" என்றா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூன்று வருடமாக உங்களைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றா. நல்லதோ கெட்டதோ என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதலில் பொய்யைச் சொல்லி முடிக்கிறேன். நான் இப்போது பஸ் ஓடுவதில்லை. வலது கண் நடுவில் மறைக்கிறது, இடதும் முந்தியதுபோல இல்லை. மே மாதத்தில் மெடிக்கலில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கிழவி மயங்கி விழுந்தது உண்மை. ஆனால் நான் ஓட்டவில்லை. மூன்றாவது சீற்றில் இருந்தேன். போக இடம் இல்லாதபோது பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வருவேன். நீர் யூலையில் வரச் சொல்லிக் கேட்டபோது அன்றைக்கே ஓடி வந்திருக்கலாம். வந்து என்ன செய்வது? வாளியைக் கொண்டுபோய் மரத்தில் ஊற்றாமல் உம்முடைய காலில் ஊற்றுவேன். வேலையும் இல்லாமல் கண்ணும் இல்லாமல், பண்டி வேலை என்று சிரித்தவன் வந்து உம்முடைய நிழலில் ஒதுங்குவதா என்று இருந்தது.

"உமது விருப்பம்" என்று எழுதியதும் பொய். கிழித்த நாலு கடிதத்திலும் "வீட்டுக்கு வாரும்" என்றுதான் எழுதியிருந்தேன். அதை வாயால் சொல்லத்தான் நேற்று ரயில் ஏறினேன்.

இரண்டு நாளாக உம்முடைய இடத்தில் இருக்கிறேன். ஒரு கதிரை, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. மேசையில் உம்முடைய கொப்பி. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு எழுதியிருக்கிறீர். வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தேன். "212, வட்டம் பெருத்திருக்கு. மிளகு நின்று பார்த்தது." "340, இலை சுருண்டிட்டுது. இரண்டு வாளி." அதற்குக் கீழே, "இண்டைக்கு அவருக்குப் பிறந்தநாள். மேட்டு உச்சிக்கு ஏறி ஃபோன் அடிச்சன். எடுக்கேல்லை." அன்றைக்கு நான் கிளினிக்கில் இருந்தேன், றஜீ. ஃபோனை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். உம்முடைய கொப்பியை வாசித்தது பிழை. மன்னியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னியும்.

நாய் முதல் நாள் எனக்குக் கிட்ட வரவில்லை. ஹிலரி ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தா, அசையவில்லை. நான் சலித்துப்போய், "இஞ்சை வாவன்ரா" என்றேன். காதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மடியில் ஏறிவிட்டது. நீர் அதற்குத் தமிழில்தான் பழக்கியிருக்கிறீர் என்று ஹிலரி சிரித்தா. "தேடு", "பொறு", "விடு", மூன்று சொல் அவவும் சொல்லிக் காட்டினா. "பொறு" என்பது நல்லாக வருகிறது.

இன்றைக்கு மத்தியானம் மழை விட்டபோது நாயை வெளியே கொண்டுபோனேன். கீழ் வரிசையில் ஒரு மரத்தடியில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மரம் ஒரு நிழல்போலத்தான் தெரிந்தது. முழங்காலில் நின்று குனிந்து மூக்கை மண்ணில் வைத்தேன். மேசையில் சிரித்த பதினாறு பேரும் அந்த நேரம் வந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் ஈரம் மணத்தது. பிறகு அது வந்தது. காஸ் இல்லை றஜீ. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பிறந்த பிள்ளையின் உச்சந்தலையும் நனைந்த இலையும் சேர்ந்ததுபோல. கனநேரம் அப்படியே இருந்தேன். கிளறவில்லை, முற்றியதோ இல்லையோ என்று சொல்ல நீர் வேண்டும். என் கம்பளித் தொப்பியை அந்த இடத்தில் வைத்து, மேலே ஒரு கல்லும் வைத்திருக்கிறேன்.

வா என்று சொல்ல வந்தவனுக்கு இப்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை. எழுந்து நின்று திரும்பியபோது மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. உம்முடைய மரங்கள் வரிசையாக ஒரு வெளிச்சமாகத் தெரிந்தன. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை விட்டுவிட்டு வாரும் என்று நான் எப்படிச் சொல்வது?

நாயகம்

—

ஹாம்ப்ஷயர்
18 பெப்ரவரி 2026, விபூதிப் புதன்

இஞ்சாருங்கோ,

நீங்கள் ஊசிக்காக லண்டன் போய் மூன்று நாள்தான். கரவனில் இப்போது இரண்டு கதிரை இருக்கிறது, ஒன்றில் நாய் ஏறிப் படுக்கிறது. இறக்கினால் என்னை முறைக்கிறது.

நீங்கள் தொப்பி வைத்த இடத்தில் நேற்று மீண்டும் போய்ப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் தோண்டி எடுத்ததில் பாதி அழுகியிருந்தது என்று உங்களுக்கு மனவருத்தம். அதற்கு நீங்கள் காரணம் இல்லை. கோடையில் தண்ணீர் இல்லை, மாரியில் தண்ணீர் நிற்கிறது. இரண்டும் ஒரே வருடத்தில். இனி இப்படித்தான் இருக்கும் என்று ஹிலரி சொல்லுறா. கீழ் வரிசைக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். மிஞ்சிய பாதி நல்லதுதானே. சுடச்சுடச் சோற்றில் பட்டர் போட்டுச் சீவித் தந்தேன். நீங்கள் கோப்பையை இரண்டாம் தரம் நீட்டினீர்கள். இந்த வருடம் மொத்தம் ஏழு கிடைத்திருக்கிறது. தொள்ளாயிரம் மரத்துக்கு ஏழு என்று ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நாங்கள் பிடித்த சண்டையை நினைத்துச் சிரிக்கிறேன். நான் வீட்டுக்கு வருகிறேன் என்கிறேன். நீங்கள் "ஒருநாளும் விடமாட்டன், நீர் இஞ்சைதான் இருக்கவேணும்" என்று கத்துகிறீர்கள். மூன்று வருடத்துக்கு முதல் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? ஆனால் "நீங்கள் என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டால், "யோசிப்பம்" என்றுவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாரமாக இருப்பேன் என்று. சரிவில் நான் ஏற முடியாத இடத்துக்கெல்லாம் நாயைக் கொண்டுபோனவர் நீங்கள். அது இப்போது என்னைவிட உங்கள் சொல்லைத்தான் கேட்கிறது. கண் கிளினிக் இங்கே பக்கத்து ஊரிலும் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஞாயிறுப் பூசைக்கு ஒரு சிறு கோவில் இருக்கிறது, பதினொரு பேர்தான் வருவார்கள். தமிழில் இல்லை. அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது. மாதத்தில் ஒரு கிழமை ஈஸ்ட் ஹாமில் போய் நிற்போம். வீட்டை ஒரேயடியாகப் பூட்டிவிட வேண்டாம். தவநாயகி அக்காவிடம் திறப்பைக் கொடுத்தால் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவா.

இன்று காலை நெற்றியில் சாம்பலோடு ஹிலரியின் வீட்டுக்குப் போனேன். குத்தகைப் பத்திரத்தை மேசையில் விரித்து வைத்திருந்தா. என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இரண்டாவது ஆளுக்கு ஒரு வரி இருந்தது.

"அது தேவையில்லை, தனி ஆள் என்றால் விட்டுவிடலாம்" என்றா ஹிலரி.

நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பம் என்பீர்கள். நானே எழுதினேன். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பன்னிரண்டு கட்டம்தான் போட்டிருந்தார்கள். உங்கள் முழுப்பெயர் கிறிஸ்துநாயகத்துக்கு ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. கடைசி மூன்றும் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் போய் நின்றன. ஹிலரி புதுத் தாள் எடுக்கட்டுமா என்று கேட்டா. வேண்டாம், அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றேன்.

சனிக்கிழமை ரயில் பதினொன்று நாற்பதுக்கு வரும். நான் நாயோடு பதினொரு மணிக்கே வந்து நிற்பேன்.

றஜீ